கணிப்பொறித் தூது

செய்தியை அனுப்புதல் எளிது. அனுப்பிய செய்தி பிழையின்றிச் சென்று சேர்ந்ததா என்று அறிதல் அரிது. வெள்ளம் பெருகி ஓடும் ஆற்றின் இரு கரைகளிலும் இருவர் நிற்பதாகக் கொள்க. இக்கரையில் நிற்பவர் களத்தில் அளந்த நெல்லின் கணக்கை அக்கரையில் நிற்பவருக்கு உரத்த குரலில் கூறுகின்றார். நீரின் இரைச்சலிலே 'ஆறு' என்றது 'நூறு' என்று கேட்கலாம். இடையில் ஒரு சொல் கேளாமலே போகலாம். அறிவுடையோர் இருவர் இந்நிலையில் யாது செய்வர்? கூறவேண்டியதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பர். முதற்பகுதி, இரண்டாம் பகுதி என ஒவ்வொன்றிற்கும் எண் இடுவர். பகுதியின் முடிவில் அதன் கூட்டுத்தொகையையும் சொல்வர். 'சரியாகக் கேட்டது' என்னும் மறுமொழி அக்கரையிலிருந்து வரும் வரையில் அடுத்த பகுதியைத் தொடங்கமாட்டார்கள். கேளாதவர் 'மீண்டும் சொல்க' என்று கேட்பதற்கு நாணமாட்டார்.

எளிய மக்களும் அறிந்த இம்முறையே, ஒன்றையொன்று அறியாத கணிப்பொறிகள் பலவற்றை ஒன்றோடொன்று பேச வைத்தது. அங்ஙனம் பேச வைத்த நெறிமுறைகளுள் புகழ் பெற்றது 'கெர்மிட்' என்பதாகும்.

கெர்மிட்டின் அருமையை உணர வேண்டுமாயின், அது தோன்றிய காலத்துக் கணிப்பொறிகளின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். 1960ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கணிப்பொறி என்பது பெரும்பாலும் ஒரு கூடத்தையே அடைத்து நிற்கும் பெரும்பொறியாக இருந்தது. அரசாங்கமும் பெருநிறுவனங்களும் பெரிய பல்கலைக்கழகங்களுமே அதனை வாங்க வல்லனவாய் இருந்தன. அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மேனார்டு என்னும் ஊரில், பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தில், டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் இயங்கி வந்தது. அதனைச் சுருக்கமாக 'டெக்' என்பர். அந்நிறுவனம் 1965ஆம் ஆண்டில் பி.டி.பி-8 என்னும் பொறியை 18,000 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. ஒரு சிறிய அலமாரியின் அளவே இருந்த அதனைச் 'சிறு கணிப்பொறி' என்னும் பொருள்பட 'மினி கணிப்பொறி' என்று அழைத்தனர். 1970ஆம் ஆண்டில் பி.டி.பி-11 வெளிவந்தது, 1977ஆம் ஆண்டில் வாக்ஸ் என்னும் ஆற்றல் மிக்க பொறி வந்தது. ஆய்வுக்கூடங்களும் தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் இப்பொறிகளை வாங்கித் தம் பணிகளை அவற்றிடம் ஒப்படைத்தன.

இப்பொறிகளின் எதிரே அமர்ந்து பணியாற்றுவோர் பயன்படுத்திய கருவிக்கு 'முனையம்' என்று பெயர். தொடக்க காலத்தில் தட்டச்சுப் பொறியைப் போன்ற தொலையச்சுக் கருவியே முனையமாக இருந்தது. டெலிடைப் நிறுவனத்தின் 33ஆம் எண் கருவி, பெருத்த ஓசையுடன் நொடிக்குப் பத்து எழுத்துகளைத் தாளில் அச்சிட்டது. பின்னர்த் திரை உடைய முனையங்கள் வந்தன. அவற்றுள் டெக் நிறுவனம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.டி.100 பெரும்புகழ் பெற்றது. அதன் திரையில் வரிக்கு 80 எழுத்துகளாக 24 வரிகள் தோன்றும்.

முனையம் பார்வைக்கு இக்காலத்துக் கணிப்பொறியைப் போன்றதாயினும், அதன் தொழில் வேறு. அதனுள் கோப்புகளைச் சேமித்து வைக்க இடமில்லை. பயனாளர் எழுதும் நிரலை இயக்கும் திறனும் இல்லை. ஒரு விசையை அழுத்தினால், அவ்வெழுத்திற்குரிய எண் கம்பி வழியே கணிப்பொறிக்குச் செல்லும். கணிப்பொறி பெரும்பாலும் அவ்வெழுத்தைத் திருப்பி அனுப்பும். அதன் பின்னரே அது திரையில் தோன்றும். கேட்பதும் காட்டுவதுமன்றி முனையம் வேறொன்றும் அறியாது. எழுதிய கட்டுரையோ கணக்கிட்ட விடையோ கணிப்பொறியின் வட்டிலேதான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டினால் ஓர் இடர் விளைந்தது. நியூயார்க் நகரத்திலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில், டெக் நிறுவனத்தின் டெக்சிஸ்டம்-20 என்னும் பெரிய பொறிகளை மாணவர் பலர் பகிர்ந்து பயன்படுத்தி வந்தனர். வட்டில் இருந்த இடமோ சிறிது, மாணவரோ பலர். ஆதலின் ஒவ்வொருவருக்கும் மிகக் குறைந்த இடமே கிடைத்தது. முயன்று எழுதிய நிரலையும் திரட்டிய அளவீடுகளையும் வைத்துக்கொள்ள இடமின்றி அழிக்கவேண்டிய நிலை மாணவர்க்கு நேர்ந்தது. உழைத்துப் பெற்ற பயனைத் தம் கையாலேயே அழிப்பது எவர்க்கும் எளிதன்று.

அக்காலத்தில் மேசை மேல் வைக்கத்தக்க நுண்கணிப்பொறிகள் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. அவை பிளாப்பி என்னும் மெல்லிய காந்தத் தட்டில் கோப்புகளைப் பதித்து வைத்தன. அத்தட்டின் விலை குறைவு. மாணவர் அதனைப் புத்தகப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பெரிய பொறியிலுள்ள கோப்பை நுண்கணிப்பொறிக்குக் கொண்டு சென்று தட்டில் பதித்துவிட்டால், மாணவரின் உழைப்பு காக்கப்படும் அன்றோ? பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி நடுவத்தில் பணியாற்றிய பிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் ஆகியோர் இதற்கு வழி காண முற்பட்டனர்.

இரு பொறிகளையும் இணைக்கப் பொதுவாகக் கிடைத்த வழி ஒன்றே. அது முனையத்தை இணைப்பதற்கென அமைந்த கம்பி. பெரிய பொறியோ அக்கம்பியின் மறுமுனையில் ஒரு முனையம் இருப்பதாகவே எண்ணும். எனவே நுண்கணிப்பொறி முதலில் முனையத்தின் வேடத்தைப் பூண வேண்டியதாயிற்று. விசைகளை அழுத்தினால் அவற்றைக் கம்பியில் அனுப்பவும், கம்பியில் வருவதைத் திரையில் காட்டவும் ஒரு நிரல் எழுதினால் அவ்வேடம் அமைந்துவிடும். ஆயினும் கோப்பை மாற்றுவதற்கு இவ்வேடம் மட்டும் போதுமானதன்று. திரையில் ஓடும் எழுத்துகளை அப்படியே பிடித்துத் தட்டில் எழுதலாமெனின், அதில் பல இடையூறுகள் இருந்தன.

முதலாவது, கம்பியிலும் தொலைபேசி வழியிலும் இரைச்சல் புகுந்து எழுத்துகளைக் கெடுக்கும். கெட்டது எது, கெடாதது எது என்று அறிய வழியில்லை. இரண்டாவது, ஒரு பொறி விரைந்து அனுப்ப, மற்றொரு பொறி தட்டில் எழுதிக்கொண்டிருந்தால், இடையில் வந்தவை சிந்திப் போகும். மூன்றாவது, எழுத்துகளுக்குரிய எண்களுள் 0 முதல் 31 வரை உள்ளவை கட்டளைக் குறிகளாகும். கோப்பின் நடுவே 19ஆம் எண் வந்தால், 'அனுப்புவதை நிறுத்து' என்று பொறி பொருள் கொள்ளும். 3ஆம் எண் வந்தால், நடைபெறும் நிரலையே அது முடித்துவிடலாம். கடிதத்தின் நடுவே எழுதிய ஒரு சொல்லைக் கேட்டுத் தூதன் வழியிலேயே நின்றுவிடுவது போன்றதாகும் இது. நான்காவது, சில பொறிகள் ஓர் எழுத்திற்கு எட்டு பிட்டுகளைக் கொண்டன. சில கம்பிகளோ ஏழு பிட்டுகளையே கடத்தின. எட்டாவது பிட்டு வழியிலேயே மறைந்தது. 1977ஆம் ஆண்டிலேயே வார்டு கிறிஸ்டென்சன் என்பவர் எக்ஸ்மோடம் என்னும் நல்லதொரு நெறிமுறையை நுண்கணிப்பொறிகளுக்காக வகுத்திருந்தார். ஆயினும் அது எட்டு பிட்டுகளும் தடையின்றிச் செல்லும் வழியை வேண்டியது. அத்தகைய வழி எல்லாப் பொறிகளிடத்தும் கிடைக்கவில்லை.

டா குரூஸும் கேட்சிங்ஸும் 1981ஆம் ஆண்டில் தம் நெறிமுறையை வகுத்தனர். அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் அதன்வழி முதற்கோப்பு சென்று சேர்ந்தது. குழந்தைகளும் பெரியோரும் விரும்பிக் கண்ட மப்பெட் பொம்மலாட்டத்தில் வரும் தவளையின் பெயரை அதற்கு இட்டனர். பெயர் விளையாட்டாக அமைந்ததாயினும், முறை மிக்க கருத்துடன் அமைந்தது.

கெர்மிட் கோப்பைச் சிறு பொதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பொதிக்கும் ஆறு உறுப்புகள் உண்டு. முதலில் பொதியின் தொடக்கத்தைக் காட்டும் அடையாளக் குறி நிற்கும். அதன்பின் பொதியின் நீளமும், பொதியின் வரிசை எண்ணும், பொதியின் வகையும் வரும். பிறகு கோப்பின் பகுதி அமையும். இறுதியில் சரிபார்ப்பு எண் நிற்கும். நீளத்திற்குரிய எண் 94ஐ மீறுவதில்லை. வகையைக் காட்ட ஓர் ஆங்கில எழுத்து போதும். 'எஃப்' கோப்பின் பெயரைத் தாங்கிய பொதியைக் காட்டும். 'டி' கோப்பின் உள்ளுறையைக் காட்டும். 'இசட்' கோப்பு முடிந்ததைக் காட்டும். மறுமொழியாக வரும் 'ஒய்' என்பது 'பெற்றேன்' என்றும், 'என்' என்பது 'பெறவில்லை, மீண்டும் அனுப்புக' என்றும் பொருள்படும்.

கட்டளைக் குறிகளின் இடரைக் கெர்மிட் நீக்கிய முறை வியப்பிற்குரியது. பொதியினுள் செல்லும் ஒவ்வொன்றும் அச்சில் தோன்றக்கூடிய எழுத்தாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. நீளம், வரிசை முதலிய எண்களை அனுப்பும்போது ஒவ்வொன்றோடும் 32ஐக் கூட்டி அனுப்பும். அதனால் அவ்வெண் கட்டளைக் குறிகளின் எல்லையைத் தாண்டிவிடும். கோப்பினுள் கட்டளைக் குறி வந்தாலோ, # என்னும் குறியை முன்னே இட்டு, அவ்வெண்ணுடன் 64ஐக் கூட்டி அனுப்பும். எனவே நிரலை முடிக்கும் 3ஆம் எண், # என்பதும் 67ஆம் எண்ணுக்குரிய 'சி' என்னும் எழுத்துமாக மாறி, தீங்கின்றிச் செல்லும். பெறும் பொறி # குறியைக் கண்டதும் 64ஐக் கழித்துப் பழைய எண்ணை மீட்கும். எட்டாவது பிட்டைக் காட்ட & என்னும் குறியை முன்னே இடலாம். ஒரே எழுத்து பலமுறை அடுத்தடுத்து வருமாயின், ~ என்னும் குறியுடன் அதன் எண்ணிக்கையைச் சொன்னால் போதும். 40 வெற்றிடங்களை இவ்வாறு மூன்றே குறிகளில் அனுப்பலாம்.

சரிபார்ப்பு எண் எங்ஙனம் பிழையைக் காட்டுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தொடக்கப் பொதியைப் பெற்ற பொறி 'பெற்றேன்' என்று மறுமொழி அனுப்புகிறது. நீள உறுப்பின் பின்னே வரிசை எண், வகை, சரிபார்ப்பு எண் என மூன்று எழுத்துகள் வருதலின் நீளம் 3; அதனுடன் 32ஐக் கூட்ட 35 ஆகும். வரிசை எண் 0. அது 32 ஆகும். 'ஒய்' என்னும் எழுத்திற்குரிய எண் 89. இம்மூன்றின் கூட்டுத்தொகை 156. அதனை 64ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 28. இரண்டையும் கூட்டினால் 30. இதுவே சரிபார்ப்பு எண். வழியில் இரைச்சலால் ஒரு பிட்டு மாறி, 89 என்பது 73 ஆகிவிட்டதாகக் கொள்க. பெறும் பொறி தானே கணக்கிடும்போது கூட்டுத்தொகை 140 ஆகும், ஈவு 2, மீதி 12, விடை 14. வந்த எண்ணோ 30. இரண்டும் ஒவ்வாமையால் பொதி கெட்டது என்பது விளங்கிவிடும்.

இவ்வெண் 64 வகைகளுள் ஒன்றாகவே இருத்தலின், பல பிட்டுகள் ஒருங்கே கெடும்போது பிழையுள்ள பொதியும் தற்செயலாகத் தேறிவிடக் கூடும். அதனை உணர்ந்தே, நீண்ட சரிபார்ப்பு எண்களைப் பயன்படுத்தவும் நெறிமுறையில் இடம் வைத்தனர்.

பொதி கெட்டால் மட்டுமன்றி, வாராது போனாலும் கெர்மிட் அறியும். குறித்த நொடிகளுக்குள் எதிர்பார்த்தது வரவில்லையெனின், மீண்டும் கேட்கும் அல்லது மீண்டும் அனுப்பும். இங்கே ஓர் ஐயம் எழலாம். பொதி நன்றாகச் சேர்ந்து, 'பெற்றேன்' என்னும் மறுமொழி மட்டும் வழியில் கெட்டுப்போனால் என்ன ஆகும்? அனுப்பிய பொறி அதே பொதியை மறுபடியும் அனுப்பும். வரிசை எண் இல்லையாயின், ஒரே பகுதி கோப்பில் இருமுறை எழுதப்பட்டுவிடும். எண் இருத்தலால், 'இது முன்னரே வந்தது' என்று கண்டு, பெறும் பொறி அதனை விலக்கி, மறுமொழியை மட்டும் திரும்ப அனுப்பும். வரிசை எண் 63ஐ அடைந்ததும் மீண்டும் 0இலிருந்து தொடங்கும்.

இருவர் பேசத் தொடங்குமுன் ஒருவரையொருவர் வினவிக்கொள்வது போலவே, இரு கெர்மிட்டுகளும் முதற்பொதியில் தம் திறனைத் தெரிவித்துக்கொள்ளும். 'எவ்வளவு நீளமுள்ள பொதியைப் பெற இயலும்? எத்தனை நொடி காத்திருக்க வேண்டும்? எவ்வகைச் சரிபார்ப்பு தெரியும்?' என்பன அவ்வினாக்கள். ஒன்று மிக்க திறனும் மற்றொன்று குறைந்த திறனும் உடையனவாயின், இரண்டிற்கும் பொதுவான எளிய முறையையே இரண்டும் மேற்கொள்ளும். வலியது மெலியதற்கு இறங்கி வருதல் இங்கே விதியாக உள்ளது. பிற்காலத்தில் ஏறத்தாழ 9,000 எழுத்துகள் வரை கொள்ளும் நீண்ட பொதிகளும், ஒவ்வொரு மறுமொழிக்கும் நில்லாமல் 31 பொதிகள் வரை தொடர்ந்து அனுப்பும் முறையும் சேர்க்கப்பட்டன. ஆயினும் அவற்றை அறியாத பழைய பொறியோடு பேசும்போது, புதிய கெர்மிட்டும் பழைய முறையையே கைக்கொண்டது.

இத்தூதை ஏவும் முறையும் எளிதே. மேசைக் கணிப்பொறியில் கெர்மிட்டைத் தொடங்கி, கம்பியின் வேகத்தைக் குறித்து, 'கனெக்ட்' என்னும் கட்டளையை இடுவர். உடனே அக்கணிப்பொறி முனையமாக மாறிவிடும். அதன் வழியாகப் பி.டி.பி-11இனுள் தம் பெயரையும் மறைசொல்லையும் கொடுத்து நுழைந்து, அங்குள்ள கெர்மிட்டையும் தொடங்குவர். 'இக்கோப்பை அனுப்புக' என்னும் பொருளுடைய 'சென்ட்' கட்டளையை அதற்கு இடுவர். பிறகு தனியாகக் குறித்த விசைகளை அழுத்தி மேசைக் கணிப்பொறிக்கே மீண்டு வந்து, 'பெறுக' என்னும் பொருளுடைய 'ரிசீவ்' கட்டளையை இடுவர். அதன்பின் மனிதர் செய்யவேண்டியது ஒன்றுமில்லை; பொறிகள் இரண்டும் தாமே உரையாடும். பெரிய பொறி கோப்பைப் பெறக் காத்திருக்கும்போது, மேசைக் கணிப்பொறி இன்னும் முனைய வேடத்திலேயே இருந்தால், திரையில் #, ஒரு வெற்றிடம், 'என்' என்னும் எழுத்து, 3 ஆகியவை இடைவிட்டுத் தோன்றும். அது பிழையன்று, 'இன்னும் ஒன்றும் வரவில்லை, அனுப்புக' என்று பெரிய பொறி கேட்கும் மறுமொழிப் பொதியே அது.

பயனாளர் மறவாது தெரிவிக்க வேண்டியது ஒன்று உண்டு. அனுப்பும் கோப்பு மனிதர் படிக்கும் உரையா, பொறி இயக்கும் நிரலா என்பதே அது. உரையின் வரி முடிவை ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு வகையாகக் குறித்தது, ஐ.பி.எம். பெரும்பொறிகள் எழுத்துகளுக்கே வேறு எண்களை வழங்கின. ஆதலின் உரைக்கோப்பை அனுப்பும்போது, கெர்மிட் அதனை வழியில் ஒரு பொதுவடிவிற்கு மாற்றும். பெறுவது தன் வழக்கிற்கேற்ப எழுதிக்கொள்ளும். நிரற்கோப்பையோ ஒரு பிட்டும் மாறாது அனுப்புதல் வேண்டும். இவ்வேறுபாட்டைக் கூறாது விட்டால், பிழை ஏதும் அறிவிக்கப்படாமலே கோப்பு கெட்டுவிடக் கூடும். தூதன் நேர்மையானவனாயினும், ஏவுவோர் தெளிவுடன் ஏவுதல் வேண்டும்.

கெர்மிட் இல்லாத பொறிக்குக் கெர்மிட்டை எவ்வாறு கொண்டு செல்வது? தூதன் இல்லாத ஊருக்குத் தூதனை அனுப்புவது எங்ஙனம் என்பது போன்ற வினா இது. நிரலின் எண்கள் யாவற்றையும் அச்செழுத்துகளாக மாற்றி, சாதாரண உரையாகக் கம்பியில் அனுப்புவர். அவ்வுரையை மீண்டும் நிரலாக மாற்றும் சிறு நிரல் ஒன்றை முனையத்தில் அமர்ந்து கையாலேயே தட்டச்சு செய்வர். பி.டி.பி-11க்குரிய கெர்மிட்டை எழுதியவர் டொலிடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் நெல்சன். அதுவும் இத்தகைய உரை வடிவில் வழங்கப்பட்டது. பன்னிரண்டு பிட்டுச் சொற்களைக் கொண்ட பழைய பி.டி.பி-8க்கும் ஒரு கெர்மிட் உருவாயிற்று.

இவ்வளவு பொறிகளுக்கும் கெர்மிட் பரவியதற்குக் காரணம் யாது? கொலம்பியா பல்கலைக்கழகத்தார் நெறிமுறையை மறைத்து வைக்கவில்லை. 1984ஆம் ஆண்டு ஜூன், ஜூலைத் திங்கள்களில் வெளிவந்த பைட் இதழில் அதனை விரிவாக எழுதி வெளியிட்டனர். நிரலின் மூலத்தையும் பிறர்க்கு வழங்கினர். தம்மிடம் இருந்த பொறிக்குக் கெர்மிட் இல்லையென்று கண்டவர், நெறிமுறையைப் படித்துத் தாமே எழுதினர். எழுதியதைக் கொலம்பியாவிற்கு அனுப்பினர். அங்கிருந்து அது பிறர்க்குச் சென்றது. ஒருவரையொருவர் கண்டிராத பல நாட்டினர் எழுதிய நிரல்கள், முதன்முறை இணைத்தபோதே ஒன்றையொன்று புரிந்துகொண்டன. 1987ஆம் ஆண்டில் டா குரூஸ் இந்நெறிமுறையை ஒரு நூலாகவும் எழுதினார். விற்பனையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்களின் பொறிகள், இந்நெறிமுறையில் நட்புக் கொண்டன.

காலம் மாறியது. மேசைக் கணிப்பொறிகளும் இணையமும் பெருகின. மினி கணிப்பொறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1998ஆம் ஆண்டில் டெக் நிறுவனத்தையே காம்பாக் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆயினும் ஓய்ந்த பொறிகளின் வட்டுகளில் மனிதர் உழைப்பு தங்கியிருந்தது. ஆய்வாளர் பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகளும், பிறிதோரிடத்தில் படியில்லாத நிரல்களும் அவற்றில் இருந்தன. அவ்வட்டுகள் இக்காலத்துக் கணிப்பொறி எதனுள்ளும் பொருந்தா. பி.டி.பி-11 பயன்படுத்திய ஆர்.கே.05 என்னும் வட்டுப்பெட்டி, தட்டு அளவு பெரிதாயினும், ஏறத்தாழ 25 இலட்சம் எழுத்துகளையே கொள்ளும். அதனைப் படிக்க அக்காலத்து வட்டியக்கியே வேண்டும். அந்த இயக்கியோ அக்காலத்துப் பொறியோடுதான் பேசும்.

ஆயின் அந்தப் பொறிக்கு முனையக் கம்பி ஒன்று உண்டு. அக்கம்பியின் மறுமுனையில் இன்றைய கணிப்பொறியை இணைத்து, இரு புறத்தும் கெர்மிட்டை இயக்கினால், பூட்டிக் கிடந்த களஞ்சியம் திறக்கும். பழைய பொறிகளைப் பேணுவோர் இன்றும் இவ்வழியைக் கையாள்கின்றனர். நொடிக்கு 9,600 பிட்டு வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும். ஒரு வட்டுப்பெட்டி முழுவதையும் அனுப்ப, இடையூறு சிறிதுமின்றிச் சென்றாலும் 43 நிமிடங்கள் ஆகும். முன்குறிகளையும் மறுமொழிகளையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகலாம். இன்றைய வேகத்தோடு ஒப்பிட்டால் இது நத்தையின் நடையே. ஆனால் வட்டின் காந்தப் பூச்சு தேய்ந்திருக்கும் நிலையில், ஒருமுறை படிப்பதே இறுதி முறையாகிவிடக் கூடும். அப்பொழுது விரைவைக் காட்டிலும் பிழையின்மையே பெரிது. வட்டிலிருந்து ஒருமுறை எடுத்ததைக் கம்பியின் இரைச்சலுக்கு இரையாக்காமல் கரை சேர்ப்பது தூதனின் கடமையாகும்.

2011ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகம் கெர்மிட் திட்டத்தை நிறைவு செய்தது. நிரலின் மூலம் எவரும் பயன்படுத்தக்கூடியதாகத் திறந்து விடப்பட்டது. அதனைப் பேணும் பணியை டா குரூஸ் அதன்பின்னும் தொடர்ந்தார். தோற்றுவித்த நிறுவனம் விலகிய பின்னும் நெறிமுறை அழியவில்லை. அது ஒருவர் கையில் பூட்டி வைக்கப்படாததே அதற்குக் காரணம்.

மாணவர் சிலரின் கோப்புகள் அழியாமல் காக்கப்பட வேண்டும் என்னும் சிறு தேவையிலிருந்து கெர்மிட் பிறந்தது. ஒரு தலைமுறையின் உழைப்பையே மீட்கும் கருவியாக அது வளர்ந்தது. அதன் வெற்றிக்கு விரைவோ ஆற்றலோ காரணமன்று. எதிரிலிருப்பவரின் திறனறிந்து பேசுதல், சிறிது சிறிதாகக் கூறுதல், கேட்டது சரியா என்று ஆராய்தல், கேளாதபோது மீண்டும் கேட்டல், கேட்ட பின்னரே மேற்செல்லுதல் ஆகிய பண்புகளே காரணம். பொறிகளுக்கு இப்பண்புகளைக் கற்பித்தவர் மனிதரே. கற்பித்தவரும் தம் பேச்சில் இவற்றை மறவாதிருத்தல் நன்று.